துப்பாக்கி என்றதும் பின்வாங்கலாமா?

கேடட் படையில் சேர்ந்தால் பிள்ளை துப்பாக்கி பிடிக்க வேண்டிவருமாம் என்று கேட்டதுமே, "அதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்கிறார்கள் நம் பெற்றோர். பிழைக்க வந்த ஊரில் காக்கிச் சட்டையைக் கண்டு ஒதுங்கிப் பழகியவர்கள் நாம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் ஏர் ரைபிளில் வெடிமருந்து கிடையாது. அழுத்திய காற்றுதான் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைத் தள்ளுகிறது. பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கும் அட்டையில் பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். மூச்சை நிதானப்படுத்தி, அசையாமல் நின்றால்தான் அது வசப்படும். விளையாட்டுச் சாமானும் அல்ல. ஆளை நோக்கி நீட்டினால் கண் போய்விடும். அதனால்தான் முறையான பயிற்சி வேண்டும் என்கிறோம்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் வளர்ந்தது அகமதாபாத்தில். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2024-இல் பாரிஸிலும் இதே பத்து மீட்டர் போட்டியில் நின்றார். அவர் வீட்டார் படித்தவர்கள், நாம் கூலிக்காரர்கள் என்பீர்கள். சரி. அதே பாரிஸில் 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை பார்த்தவர். ரயில்வேக்காரர்களான நமக்கு அது தனிப் பெருமை.

உண்மையான தடை பணம். போட்டிக்கான ரைபிள் விலை லட்சத்தைத் தாண்டும். சுமை தூக்குகிறவர் எங்கே போவார்? பொதுத் துப்பாக்கியும் பொதுக் களமும் இருந்தால்தான் நம் பிள்ளைக்கு வழி. 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்கு வட்டியூர்க்காவில் சுடுதளம் அமைத்தது மக்கள் பணத்தில். வாரத்தில் ஒரு நாளாவது, கட்டணமின்றி, அரசுப் பள்ளி கேடட்டுகளுக்கு அதைத் திறந்துவிட வேண்டும், குண்டுச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று கோருகிறோம்.

என்.சி.சி.யில் சுடும் பயிற்சி பாடத்திலேயே உண்டு. கேரளத்தின் மாணவர் போலீஸ் கேடட் திட்டம் 2010 ஆகஸ்டில் 127 பள்ளிகளில் தொடங்கி வளர்ந்தது. மலையாளம் சரளமாக வராதே என்று நம் பிள்ளைகள் தாமே ஒதுங்குகிறார்கள். என்.சி.சி. அணிவகுப்பில் கட்டளை இந்தியில்; மலையாளப் பிள்ளைக்கும் அது அந்நியம்தானே!

பள்ளி திறக்கும் ஜூன் மாதமே தலைமையாசிரியரைப் போய்க் கேளுங்கள். விண்ணப்பம் எழுதச் சிரமப்படுவோர் ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.