மிகைப் பெட்ரோல் மருந்தாகுமோ?

மோட்டார் வண்டியைச் செலுத்துவோர் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தவுடன், வண்டி முன்னே பாய்வதற்கு மாறாக ஒரு கணம் தயங்கித் தடுமாறி, அதன் பின்னரே வேகங் கொள்வதுண்டு. இத்தயக்கத்திற்குப் பெட்ரோல் குறைவே காரணம் என்றும், மிதித்த கணத்தில் அதனை மிகுத்து ஊட்டுவதே தக்க மருந்து என்றும் தொழிலறிந்தோர் பலர் கருதுகின்றனர். இக்கருத்திற் பாதி மெய். மற்றப் பாதி எஞ்ஜினுக்குக் கேடு சூழ்வது. திராட்டில் பாடி இன்ஜெக்ஷன் என்னும் முறையைக் கொண்ட எஞ்ஜின்களில் இக்கேடு மிகுதி ஆகலின், அவற்றையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன்.

எஞ்ஜினுக்குள் காற்று நுழையும் வாயிலில் திராட்டில் என்னும் தகடு உண்டு. மிதியை அழுத்த அத்தகடு திறக்கும். இம்முறையில் அதற்கு மேலே ஓரிரண்டு இன்ஜெக்டர்கள் அமைந்து, கம்ப்யூட்டரின் ஆணைப்படி பெட்ரோலைத் தூவும்; அங்கிருந்து காற்றும் பெட்ரோலும் ஒருங்கே மானிபோல்டு என்னும் கிளைக்குழாய் வழியே எல்லா ஸிலிண்டர்களுக்கும் செல்லும். அமெரிக்காவில் 1980-களில் இம்முறை பெரிதும் பரவியது. ஷெவர்லே சிறு லாரிகளின் 5.7 லிட்டர் எஞ்ஜின் 1987 முதல் 1995 வரை இவ்வமைப்புடனேயே வெளிவந்தது. பின்னர் ஒவ்வொரு ஸிலிண்டரின் வாயிலிலும் தனித்தனி இன்ஜெக்டர் பூட்டும் முறை வந்து இதனை ஒதுக்கிவிட்டது. ஆயினும் அவ்வண்டிகளை அருமையாகப் பேணுவோரும், பழைய கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இவ்வமைப்பைப் பூட்டிக்கொள்வோரும் அந்நாட்டில் இன்றும் உளர். மெகாஸ்குவர்ட் போன்ற, தாமே கூட்டியமைக்கத்தக்க கம்ப்யூட்டர்கள் கிடைப்பதால், முன்பு தொழிற்சாலை எஞ்ஜினீயர்கள் மட்டுமே தொட்ட எண்களை இன்று வீட்டுக் கொட்டகையிலிருந்தே எவரும் மாற்றலாம். மாற்றுவது எளிதாயிற்று, மாற்றுவதன் காரணத்தை அறிவது எளிதாகவில்லை.

தயக்கத்தின் காரணந்தான் யாது? தூவிய பெட்ரோல் முழுவதும் அப்போதைக்கப்போதே ஸிலிண்டரைச் சேர்வதில்லை. அதில் ஒரு பங்கு கிளைக்குழாயின் சுவரிற் படிந்து, மெல்லிய ஈரப்படலமாகி, பின்னர்ச் சிறிது சிறிதாக ஆவியாகிச் செல்லும். திராட்டில் மூடிக் கிடக்கையில் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. அழுத்தம் தாழ்ந்தால் திரவம் எளிதில் ஆவியாகும் என்பது பௌதிகம் பயின்றோர் அறிந்ததே. திராட்டிலைத் திறந்தவுடன் வெளிக்காற்று உட்புகுந்து அழுத்தம் உயர்கின்றது, ஆவியாதல் குறைகின்றது, சுவர் முன்னிலும் அதிகமான ஈரத்தைத் தன்பால் இருத்திக்கொள்கின்றது. காற்றோ தடையின்றி ஸிலிண்டருக்குள் சென்றுவிடுகின்றது. மழை தொடங்கியவுடன் ஓட்டுக் கூரையினின்று நீர் வழிவதில்லை. ஓடு நனைந்த பின்னரே வழியும். மழை ஓய்ந்த பின்னும் சற்று நேரம் சொட்டிக்கொண்டிருக்கும். அஃதே ஈண்டும் நிகழ்வது. மிதியை விட்டவுடன் அழுத்தம் தாழ, படலம் விரைந்து ஆவியாகி வேண்டாத பெட்ரோல் உட்செல்லும். நீண்ட கிளைக்குழாய் முழுவதும் நனைய வேண்டியிருத்தலின், தனித்தனி இன்ஜெக்டர் கொண்ட எஞ்ஜினைவிட இதில் இவ்விளைவு பெரிது.

கார்புரேட்டர் செய்தோர் இக்குறையை நீக்க, மிதித்தவுடன் பெட்ரோலைப் பீய்ச்சும் சிறு பம்பு ஒன்றை அமைத்தனர். கம்ப்யூட்டர் வந்த பின்னும் பலர் அப்பம்பையே எண்களாக எழுதி வைத்தனர்: திராட்டில் இவ்வளவு விரைவாகத் திறந்தால் இத்துணைப் பெட்ரோலை இத்துணை நேரம் மிகுத்து ஊட்டுக என்பதே அவ்வாணை. 1981-ல் போர்டு கம்பெனியின் அக்வினோ என்பவர், 5 லிட்டர் எஞ்ஜின் ஒன்றை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில் வேறொரு வழி காட்டினார். தூவியதில் சுவரிற் படியும் பங்கு எவ்வளவு, படிந்தது ஆவியாக ஆகும் காலம் எவ்வளவு என்னும் இரண்டு அளவுகளால் முழு நிகழ்ச்சியையும் அவர் கணக்கிட்டார். பம்பு முறை விளைவை மூடி மறைக்கின்றது. இம்முறை காரணத்தைக் கணக்கிற் கொள்கின்றது. திறக்கும்போது கூட்ட வேண்டியதும் மூடும்போது குறைக்க வேண்டியதும் ஒரே கணக்கினின்று பிறத்தல் இதன் சிறப்பு. ஒவ்வொரு வெப்பநிலைக்கும் அவ்வளவுகளைக் கண்டறிதல் பெருந்தொல்லை என்பர் பம்பு முறையார். உண்மைதான், சூடேறிய எஞ்ஜினுக்குப் பம்பு முறை போதும் என்பதையும் நான் மறுக்கவில்லை. காரணத்தை அறியாது எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதையே மறுக்கின்றேன்.

இதிற் பெரிய பொறி ஒன்று உண்டு. பெட்ரோல் மிகுதியா குறைவா என்பதைப் புகைக்குழாயிற் பூட்டிய ஆக்ஸிஜன் ஸென்ஸாரைக் கொண்டே அறிகின்றனர். அது பெட்ரோலை அளப்பதன்று. எரியாது எஞ்சிய ஆக்ஸிஜனையே பெரும்பாலும் உணர்வது. பெட்ரோல் வரம்பு கடந்து மிகுந்து, ஸிலிண்டரில் தீப்பற்றாமற் போயிற்றாயின், உட்சென்ற ஆக்ஸிஜன் எரியாமல் அப்படியே வெளிவரும். ஸென்ஸாரோ “பெட்ரோல் குறைவு” என்று பொய்ச்சான்று கூறும். அதனை நம்பியவர் மேலும் ஊட்டுவார். தயக்கம் மேலும் வளரும். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிய கதைதான். ஸிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயை மிகைப் பெட்ரோல் கழுவிவிடும். அடியிலுள்ள எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். எரியாது வெளிச்சென்றது புகையைத் தூய்மை செய்யும் கருவிக்குள் எரிந்து அதனையே உருக்கவும் கூடும். கருகிய பிளக்கும், பெட்ரோல் நாறும் எண்ணெயும் ஸென்ஸாருக்கு எதிராகச் சான்று கூறுமாயின், அவற்றையே நம்புதல் தகும்.

பெட்ரோலைக் கூட்டாமலே படலத்தைக் குறைக்கவும் வழியுண்டு, அது வெப்பம். போஷ் கம்பெனியின் மோனோ-ஜெட்ரானிக் அமைப்பைக் கொண்ட போல்க்ஸ்வாகன் வண்டிகள் சிலவற்றின் கிளைக்குழாயில், முட்கள் நிறைந்த மின்சூடேற்றி ஒன்று இருந்தது. ஜெர்மானியர் அதனை “முள்ளெலி” என்றே அழைத்தனர். பெயரிடுவதில் அவர்களுக்கு நகைச்சுவை இல்லை என்று யார் சொன்னது? அமெரிக்க வண்டிகளிலும் வெங்காற்றை உள்ளே கொணரும் குழாய் இருந்தது. குளிர்ந்த காற்றே வலிமை தரும் என்று அதனைக் கழற்றி எறிந்துவிட்டு, பின்பு தயக்கம் நீங்கப் பெட்ரோலைக் கூட்டுவோரை என்னென்பது!

ஆகவே முதலில் எஞ்ஜினை நன்கு சூடேற்றி, மிகை ஊட்டத்தை அறவே நிறுத்தி, மிதியை மிக மெதுவாக அசைத்து, நிலையான வேகங்களுக்குரிய அளவுகளைத் திருத்த வேண்டும். சீரான ஓட்டத்தில் பெட்ரோல் ஒரு பங்கிற்குக் காற்று எடையில் 14.7 பங்கு என்பது இலக்கு. அந்த அடிப்படை பிழையாயிருக்குமாயின், அதன்மேல் வைக்கும் மிகை ஊட்டம் அப்பிழைக்குப் போர்த்திய போர்வையே. அதன் பின்னர் ஊட்டத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டுக. மிதித்த கணத்திலேயே தயக்கமாயின் அளவு போதாது. முதலில் நன்றாகப் பாய்ந்து அடுத்துத் தளர்ந்தால் ஊட்டும் நேரம் போதாது. தொடங்கும் வரம்பை மிகத் தாழ்த்தினால், கம்பிகளில் ஓடும் மின்னிரைச்சலையே மிதியின் அசைவென்று கருதி, கம்ப்யூட்டர் ஓயாது பெட்ரோலைத் தூவும்.

குளிர்ந்த எஞ்ஜினுக்குரிய அளவுகளைக் கடைசியிற் பார்ப்பதே முறை. அப்போது படலம் ஆவியாகப் பல விநாடி செல்லும். சோதனை செய்யத் தொடங்கிய சில நிமிஷங்களிலேயே எஞ்ஜின் சூடேறிவிடும். இரவெல்லாம் ஆறிய எஞ்ஜின் நாளொன்றுக்கு ஒரு முறையே கிடைக்குமாதலின், இவ்வொரு வேலைக்கே பல விடியற்காலைகள் வேண்டும்.