படத்தில் நடைவழி எங்கே?

லண்டன் சுரங்க ரயிலுக்கு 1931-ல் புதுமாதிரி வரைபடம் போட்டவர் ஹாரி பெக் என்ற வரைவாளர். தெரு, கட்டடம், உண்மையான தூரம் அனைத்தையும் நீக்கினார். நேர்கோடு, 45 டிகிரி சாய்கோடு, நிலையத்தின் பெயர், அவ்வளவுதான். முதலில் மறுத்த நிர்வாகம் 1933-ல் அச்சிட்டது. பூமிக்கடியில் போகிறவனுக்கு எங்கே ஏறுவது, எங்கே மாறுவது என்று தெரிந்தால் போதாதா? பெக் விட்டுவைத்தது தேம்ஸ் நதி ஒன்றைத்தான். 2009-ல் அதையும் எடுத்தார்கள். ஊரே கூச்சல் போட்டது. அதே ஆண்டில் நதி திரும்பி வந்தது!

மும்பை லோக்கல் படங்களும் இந்த வழியில் வந்தவையே. புதிதாக வந்திறங்கும் நம்மவருக்கு மராத்தியோ இந்தியோ படிக்கத் தெரியாவிட்டாலும் நிறத்தைப் பார்த்து, புள்ளிகளை எண்ணி இறங்கிவிடலாம். பெரிய உதவிதான்.

ஆனால் மாட்டுங்காவைப் பாருங்கள். மத்திய ரயில்வேயில் மாட்டுங்கா. மேற்கு ரயில்வேயில் மாட்டுங்கா ரோடு. ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தே போய்விடலாம். வெறும் கோட்டை நம்புகிறவரோ தாதருக்குப் போய், கைக்குழந்தையும் மூட்டையுமாகப் பாலம் ஏறி, வண்டி மாறி, ஒரு நிலையம் திரும்பி வருவார். 2017-ல் எல்பின்ஸ்டன் ரோடு நடைபாலத்து நெரிசலில் 20 பேருக்கு மேல் மாண்ட ஊர் இது. பாலத்தில் ஒரு கால் குறைந்தாலும் நல்லதே.

லண்டன்காரர்களே 2015-ல் நிலையங்களுக்கிடையே நடக்க எத்தனை நிமிடம் என்று தனிப்படம் வெளியிட்டார்கள். இங்கே தனிப்படம்கூட வேண்டாம். இரண்டு மாட்டுங்காவுக்கும் நடுவே ஒரு புள்ளிக்கோடும் நிமிடக் கணக்கும் போடட்டும். படத்தில் வெற்றிடம் நிறையவே கிடக்கிறது.