மக்கள் பணத்தில் ஆராய்ச்சி: பயன் யாருக்கு?

பொதுமக்களின் வரிப்பணத்தில் நடைபெறும் ஆராய்ச்சியும் தனியார் வர்த்தகமும் கூட்டுச் சேரவேண்டுமா? வேண்டும் என்பதே எமது விடை. ஆனால், என்ன நிபந்தனையின் பேரில் என்று கேளாது கூட்டுச் சேர்வதை நாம் ஒப்பமாட்டோம்.

இந்நாட்டின் பழைய அனுபவம் ஒன்றை நோக்குவோம். 1925ஆம் ஆண்டில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. ஏற்றுமதித் தேயிலைமீது அறவிடப்பட்ட செஸ் வரியே அதனைப் போஷித்தது. தேயிலை விளையும் தலவாக்கலையிலேயே அது நிலைகொண்டது. தென்னைக்கு லுணுவிலை, இறப்பருக்கு அகலவத்தை. தோட்டத்துரைமார் தம் நலன் கருதிச் செய்த ஏற்பாடேயாயினும், பயிர் உள்ள இடத்திலே ஆராய்ச்சி, பணம் கொடுத்தவர்க்குப் பயன் என்னும் தத்துவம் செம்மையானதே.

வடபுலத்தின் கற்பகதருவாகிய பனைக்கு இத்தத்துவம் பொருந்தாதா? 1978இல் பனை அபிவிருத்திச் சபை உருவாயிற்று. கைதடியில் பனை ஆராய்ச்சி நிலையம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில் உண்டு. பனங்களியின் கசப்புக்குக் காரணமான சபோனின் வகைப் பொருள்களை எமது நாட்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்தறிந்தனர். நொதியத்தினால் அக்கசப்பைக் குறைக்கலாமென்றும் காட்டினர். கசப்பு நீங்கிய களி பானமாகவும் ஜாமாகவும் சந்தைக்குச் செல்லலாம். ஆயின், ஆய்வுக் கட்டுரைக்கும் போத்தலுக்குமிடையே தொழிற்சாலை, மூலதனம், தரச் சான்று, சந்தை என்பன நிற்கின்றன. இவை விஞ்ஞானியிடம் இல்லை, வர்த்தகரிடம் உண்டு. ஆதலின் கூட்டு அவசியமே.

இங்கேதான் சட்டம் குறுக்கிடுகின்றது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆக்கவுரிமை விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டுகள் நிலைக்கும். மக்கள் பணத்தில் பிறந்த ஒரு செய்முறையின் முழு உரிமையையும் ஒரு கம்பெனி ஒப்பந்தத்தால் பெற்றுவிட்டால், தம் வளவுப் பனம்பழத்தை அம்முறையிற் பக்குவஞ்செய்து விற்க விரும்பும் கூட்டுறவுச் சங்கத்தார் அக்கம்பெனியின் வாசலிலே காத்துநிற்க நேரிடும். இது நீதியாகுமா?

எனவே நாம் வேண்டுவன நான்கு. ஆக்கவுரிமை பொது நிறுவனத்திடமே இருத்தல் வேண்டும். குறித்த காலத்துள் பயன்படுத்தப்படாத அனுமதி தானே அற்றுப்போதல் வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கட்டணமின்றி அனுமதி கிடைத்தல் வேண்டும். ஒப்பந்தம் பகிரங்கமாக வெளியிடப்படல் வேண்டும்.

“இத்தனை நிபந்தனை விதித்தால் முதலாளி வருவாரா?” என்று சிலர் கேட்பர். தோல்வியடையும் ஆராய்ச்சிகளின் நட்டத்தை மக்களே சுமக்கின்றனர்; வர்த்தகர் கைக்கு வருவது பரீட்சித்துத் தேறிய முறை. தொழிற்சாலை கட்டுபவர்க்குச் சில ஆண்டு முன்னுரிமை நியாயம். இருபதாண்டு ஏகபோகம் நியாயமன்று.

சட்டத்தொழில் புரியும் நாம் எமது மக்களுக்கும் பிரதிநிதிகளுக்கும் கூறுவது இதுவே: ஒப்பந்தம் கைச்சாத்தாகுமுன் இக்கேள்விகளைக் கேளுங்கள். கைச்சாத்தான பின்னர் கேட்டால், நீதிமன்றம் மக்களின் தேவையை அல்ல, தாளில் எழுதப்பட்டதையே நோக்கும்.