தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவார்ட் படம் விளங்காதாம்!

 

எம்பிலிப்பிட்டியவிலிருந்து தினமும் பஸ் ஏறி ஒரு தோட்டப் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போகிறவன் நான். போன கிழமை தரம் எட்டுக்கு மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஒஃப் ஹெவன்' போட்டேன். 1997இல் வந்த ஈரானியப் படம். ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டு, 1999இல் இத்தாலியப் படமான 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' இடம் தோற்றது. ஸ்டாஃப் ரூமில் ஒரு சேர் சிரித்தார். "இதுகளுக்கு அவார்ட் படமெல்லாம் விளங்காது. ஃபைட்டும் பாட்டும் இல்லாட்டி பத்து நிமிஷம் இருக்காதுகள்."

இதுகள்! அந்தச் சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படம் பாரசீகத்தில், எழுத்து ஆங்கிலத்தில். நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். கால் மணித்தியாலம் போகவில்லை, "சொல்ல வேணாம் சேர், விளங்குது" என்றார்கள். தங்கச்சியின் சப்பாத்தைத் தொலைத்த அண்ணன், ஒரே சோடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடும் இரண்டு பிள்ளைகள். இதற்கு மொழிபெயர்ப்பாளன் எதற்கு? ஒருவன் மட்டும் கேட்டான், "அவங்களுக்கு வவுச்சர் குடுக்கலியா சேர்?"

தொலைந்த சப்பாத்தை இன்னொரு சிறுமியின் காலில் கண்டு அவள் வீடு வரை போகிறார்கள். அவளது தகப்பனுக்குக் கண் தெரியாது. பேசாமல் திரும்பி வருகிறார்கள். ஏன் கேட்கவில்லை என்றேன். பின் வாங்கில் இருக்கும், வருஷம் முழுக்க வாய் திறக்காத ஒரு பிள்ளை சொன்னாள், "கேட்டா அந்தப் பிள்ள குடுத்திருவா சேர். அதான் கேக்கல." இதை எந்த விமர்சகர் எழுதினார்?

கடைசியில் தகப்பனின் சைக்கிளில் புதுச் சப்பாத்து இருப்பது ஒரு கணம்தான் தெரியும். நான் முதல் தடவை பார்த்தபோது தவறவிட்டேன். ஒரு பையன் கண்டுவிட்டான். வகுப்பு நம்பவில்லை, ரிவைண்ட் பண்ணிக் காட்ட வேண்டியதாயிற்று. பத்து நிமிஷம் இருக்காதவர்கள் ஒன்றரை மணித்தியாலத்தின் முடிவில் கண்டது அது.

படம் காட்டலாமா என்று மார்க்கம் பேச வந்தவருக்கும் ஒன்று. பள்ளிவாசலுக்கான சீனியை வீட்டில் வைத்து உடைத்துக் கொண்டிருக்கும் தகப்பன், தன் தேநீருக்கு அதில் ஒரு கட்டி எடுக்க மாட்டார். அமானிதம் பற்றி நான் எத்தனை பாடம் எடுத்திருப்பேன்! தேயிலை பறிக்கும் அம்மாவின் பிள்ளைகளுக்குச் சீனி இல்லாத தேத்தண்ணி என்ன என்று தெரியும். அந்த இடத்தில் வகுப்பே சத்தமில்லாமல் இருந்தது.

பிழை எங்கே என்றால், அடுத்த நாள் எழுதச் சொன்னபோது முக்கால்வாசிப் பேர் "இது ஒரு நல்ல படம். இதிலிருந்து நாம் ஒற்றுமையைக் கற்றுக்கொள்கிறோம்" என்று எழுதினார்கள். நேற்றுப் பேசிய வாயா இது? இல்லை, இது நாங்கள் பழக்கிய கை. எதைக் கொடுத்தாலும் 'படிப்பினை யாது?' என்று கேட்டு, அதற்கு மட்டும் புள்ளி போட்டோம். கலாசாலையில் எனக்கும் அப்படித்தான் பழக்கினார்கள். நானும் பல வருஷம் அதையே செய்தேன். சப்பாத்துக் கேட்கவில்லை என்று சொன்ன பிள்ளையும் 'ஒற்றுமை' என்றுதான் எழுதியிருந்தாள். அந்தக் கொப்பியை அவளிடமே திருப்பிக் கொடுத்து, வாயால் சொன்னதை எழுதச் சொன்னேன். "அது சரியா சேர்?" என்று கேட்டாள். விளங்காதது யாருக்கு என்று அந்த சேர் யோசிக்கட்டும்.

ஓட்டப்போட்டியில் அலிக்கு வேண்டியது மூன்றாம் பரிசு, அதுதான் சப்பாத்து. முதலாவதாக வந்து அழுகிறான். படம் ஒஸ்காரில் தோற்ற கதையைச் சொன்னதும் ஒருவன், "மூணாவது வந்திருந்தா சப்பாத்துக் கெடச்சிருக்கும் சேர்" என்றான். சிரித்து முடிய ஒரு பாடவேளை போய்விட்டது.

அடுத்த தவணைக்குப் பிரசன்ன விதானகேயின் 'இர மதியம'. 1990இல் வடக்கிலிருந்து புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது நாயை விட்டுவர மனமில்லாத அரபாத் என்ற பையனின் கதையும் அதில் இருக்கிறது. எல்லாப் பகுதியும் இந்த வயதுக்குச் சரிவராது, அரபாத்தின் பகுதியை மட்டும் போடுவேன். அரசியல் வேண்டாம் என்று இப்போதே ஒருவர் சொல்லிவிட்டார். ப்ரொஜெக்டருக்குப் பெயர் கொடுத்தாயிற்று.