கறுப்புப் பூஞ்சையும் ஸ்டீராய்டு மாத்திரையும்

2021 மே மாதத்தில் டிவி பார்த்த யாருக்கும் "கறுப்புப் பூஞ்சை" என்ற பெயர் மறந்திருக்காது. வெங்காயத் தோலில் இருக்கும் கறுப்புப் பொடிதான் அது, ஃபிரிட்ஜ் கதவு ரப்பரில் ஒட்டியிருப்பதுதான் அது என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் பறந்தன. பாவம் வெங்காயம்! அதில் இருப்பது வேறு பூஞ்சை.

உண்மையில் இந்த மியூகர் பூஞ்சை கறுப்பே இல்லை. ரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடும். ரத்தம் போகாத சதை செத்துக் கறுத்துப் போகும், பெயர் வந்தது அப்படித்தான். இதன் வித்துகள் மண்ணிலும் காற்றிலும் எப்போதும் இருப்பவை. எல்லோரும் தினமும் சுவாசிக்கிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. சர்க்கரை எகிறிப்போனவர், ரத்தப் புற்றுநோய்க்காரர், மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்... இவர்களிடம்தான் அது சைனஸில் ஆரம்பித்து கண்ணுக்கும் மூளைக்கும் ஏறுகிறது, சில நாட்களிலேயே.

புதுச்சேரிக்கும் இது புது நோய் அல்ல. கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்தெல்லாம் நோயாளிகள் வந்து சேரும் கோரிமேடு ஜிப்மர் போன்ற ஆஸ்பத்திரிகளில், காது மூக்கு தொண்டை டாக்டர்கள் கொரோனாவுக்கு முன்பே பார்த்து வந்த நோய்தான். 2021-ல் மாறியது எண்ணிக்கை. அந்த ஜூலை வரை நாடு முழுவதும் 45,000-க்கு மேல் நோயாளிகள், 4,300-க்கு மேல் சாவு என்று மத்திய அரசே பார்லிமென்ட்டில் சொன்னது.

ஏன் இங்கே மட்டும் இவ்வளவு? பழியைப் பூஞ்சை மேல் போடுவது சுலபம். 2020 ஜூனிலேயே இங்கிலாந்தின் ரிகவரி ஆய்வு தெளிவாகச் சொல்லிவிட்டது: டெக்ஸாமெதசோன் தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள், அதுவும் ஆக்சிஜன் தேவைப்படுபவருக்கு மட்டும். மற்றவருக்குப் பலன் இல்லை. இங்கேயோ ஆக்சிஜன் நன்றாக இருந்தவர்கள்கூட வீட்டிலேயே ஸ்டீராய்டு விழுங்கினார்கள். ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும், சர்க்கரையையும் ஏற்றும். பூஞ்சைக்கு இரண்டும் கொண்டாட்டம். தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாதவர்கள் எத்தனை பேர் இந்த ஊரில்!

விரலில் ஒரு குத்து, ஒரு ஸ்ட்ரிப். செலவு சில பத்து ரூபாய். அதைச் செய்யாமல் விட்டதற்கு விலை, கண்ணையும் மேல் தாடையையும் எடுக்கும் ஆபரேஷன், வாரக்கணக்கில் ஆம்ஃபோடெரிசின் ஊசி. அந்த ஊசியும் அப்போது கிடைக்கவில்லை. அதன் மேலிருந்த 5 சதவீத ஜிஎஸ்டியை 2021 ஜூன் 12-ல்தான் கவுன்சில் நீக்கியது.

கொரோனா கூட்டம் போய்விட்டது, சர்க்கரைக் கூட்டம் போகவில்லை. மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே ஸ்டீராய்டு வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு. அப்படிப்பட்ட ஒருவருக்கு முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலி, வீக்கம், மூக்கில் கறுப்பாய்ச் சளி, பார்வை இரண்டாகத் தெரிவது என்றால் தைலம் தடவிக் காத்திருக்கக் கூடாது. மேல்வரிசைப் பல் திடீரென்று ஆடினால், பல்லைப் பிடுங்குவதற்கு முன் சர்க்கரையைப் பார்த்து மூக்கு டாக்டரிடம் அனுப்ப வேண்டும், அன்றைக்கே.