சக்கர நாற்காலியோடு முடிகிறதா?

கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்ட நம் தொழிலாளியின் உயிரைக் காப்பாற்றப் புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. வீடு திரும்பிய பிறகு?

கால் விறைத்து வெட்டியிழுப்பதுதான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. வலித்தால் மாத்திரை தேவைதான். ஆனால் அந்த இறுக்கமே தசையை ஓரளவு கரையாமல் காக்கிறது. தசை கரைந்து கொழுப்பு சேர்ந்தால், ரத்தத்தில் சர்க்கரை ஏறும். ஆள் மெலிவாகத் தெரிவதால் சோதிக்கத் தோன்றுவதில்லை.

விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் முன்னின்று, வேலூர் சி.எம்.சி.யில் 1966-லேயே மறுவாழ்வு மையம் வந்துவிட்டது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் மறுவாழ்வை அரசின் பொறுப்பு என்கிறது, பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு என்ற ஓட்டையோடு!

சக்கர நாற்காலி கொடுத்துப் படம் எடுத்தது போதும். நம் குடியிருப்புக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இயன்முறை சிகிச்சையும் சர்க்கரைப் பரிசோதனையும் கேட்கிறோம்.