டோப்பாவுக்குள் ஒரு மனிதர்

மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதத்தை நேரில் கேட்க காட்கோபர் தமிழர் ரயிலில் சி.எஸ்.எம்.டி. போய், அங்கிருந்து நாரிமன் பாயின்ட் என்.சி.பி.ஏ. அரங்கத்துக்குப் பஸ் பிடிக்க வேண்டும். பலர் போனதில்லை. பாக் என்ற பெயரே அவர்களுக்கு இளையராஜா மூலம் அறிமுகமானதுதான். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக 1986ல் அவர் தந்த 'ஹௌ டு நேம் இட்?' கேஸட் தேயத் தேய ஓடிய வீடுகள் உண்டு. அதோடு நின்றுவிட்டவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம், பி.பி.சி. 2013ல் ஒளிபரப்பிய 'பாக்: எ பேஷனட் லைஃப்'.

ஒன்றரை மணி நேர ஆவணப்படம். நடத்திச் செல்பவர் இசை நடத்துனர் ஜான் எலியட் கார்டினர். ஹவுஸ்மன் வரைந்த பாக்கின் பிரபல ஓவியம், அவர் சிறுவனாக இருந்தபோது அவர் வீட்டுச் சுவரிலேயே தொங்கியது. வெள்ளை டோப்பா, கடுகடுத்த முகம். அதன் பின்னால் இருந்த மனிதரைத் தேடுகிறது படம். நடுநடுவே பாட்டும் வாத்தியமும். விளக்கம் கேட்ட கையோடு இசையையும் கேட்பதால் புதியவருக்கும் காது பழகுகிறது.

கிடைக்கும் மனிதர் மகான் அல்ல, மாதச் சம்பளக்காரர். பத்து வயதுக்குள் தாய் தந்தையை இழந்தவர். வேறு வேலைக்குப் போக அடம்பிடித்ததால் 1717ல் வைமர் பிரபு அவரைச் சுமார் நான்கு வாரம் சிறையில் வைத்தார். லைப்சிக்கில் 1723ல் கிடைத்த வேலையும் டெலிமன், கிராப்னர் இருவரும் கிடைக்காததால் வந்ததுதான். இருபது குழந்தைகளில் பிழைத்து வளர்ந்தவர்கள் பத்துப் பேர்.

பள்ளித் தோழர் எர்ட்மனுக்கு 1730ல் எழுதிய கடிதத்தில் பாக் ஒரு கணக்குச் சொல்கிறார். ஊரில் நல்ல காற்று வீசினால் சாவு குறைகிறது. சவ அடக்கத்துக்குக் கிடைக்கும் வரும்படியும் குறைகிறது. முந்தின வருஷம் நூறு தாலருக்கு மேல் நஷ்டமாம்! ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் கையைப் பிசையும் நாகஸ்வரக்காரருக்கு இந்தக் கடிதம் உடனே புரியும்.

நம் வாக்கேயக்காரர்களுக்கு இப்படிப் படம் எடுத்தால்? முதல் காட்சியிலேயே தெய்வம் தரிசனம் தந்துவிடும். பிறகு மனிதருக்கு ஏது இடம்? வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு அத்தாட்சி உண்டு. அதே என்.சி.பி.ஏ.வும் தமிழக அரசும் சேர்ந்து தயாரிக்க, சத்யஜித் ராய் 1976ல் இயக்கிய 'பாலா'. கடற்கரையில் காற்றில் புடவை படபடக்க 'கிருஷ்ணா நீ பேகனே' ஆடும் பாலசரஸ்வதியை அதில் இன்றும் காணலாம். அது எடுக்கப்பட்டபோது பாலா இருந்தார், 1984ல் மறைந்தார். தஞ்சை மாவட்டத்து முதிய நாகஸ்வரக் கலைஞர்களின் வாழ்க்கையையும் வரும்படிக் கணக்கையும் அவர்கள் வாயாலேயே பதிவு செய்ய இன்னும் அவகாசம் இருக்கிறது. கேமராவோடு யாராவது புறப்பட வேண்டும்.